ஏழாம் பாட்டில்

ஆப்பிள் சாற்றில் ஈஸ்ட்டைப் போட்டு ஆறு வாரம் மூடிவைத்தால், அதிலிருக்கிற இனிப்பு முழுவதையும் ஈஸ்ட் தின்று தீர்த்துவிடும். மிஞ்சுவது புளிப்பு, பியர் அளவுக்குப் போதை, அடுத்த அறையில் யாரோ ஆப்பிள் நறுக்குகிற மாதிரி ஒரு வாசனை. அதுதான் சைடர். வான்மதி அக்கா வீட்டில் போட்ட சைடரைக் குடித்துவிட்டு "இனிப்பே இல்லையே" என்று சொல்லாத ஒரு தமிழ் ஆளைக்கூட நான் பிளெய்ன்ஸ்பரோவில் பார்க்கவில்லை. "இப்ப இருக்காது. கடைசியிலதான் சேக்கணும்" என்று அக்கா ஒவ்வொருவருக்கும் சொன்னார். யாரும் காதில் வாங்கவில்லை. வாங்காத ஆட்களில் அவர் புருஷனும் ஒருவர்.

நான் அவர்களுக்குக் கீழ்வீடு. மருந்துக் கம்பெனி ஒன்றில் கான்ட்ராக்டில் மாத்திரை சோதிக்கிற வேலை. காலை ஆறு முதல் இரண்டு வரை ஷிப்ட். இரண்டரைக்கு வந்து குளித்துவிட்டு மேலே போனால் அக்கா சாப்பாடு போடுவார். சாப்பிட்டுவிட்டு பாட்டில் கழுவித் தருவேன். எங்கள் ஒப்பந்தம் அவ்வளவுதான்.

எங்கள் வளாகத்தில் கார் நிறுத்துகிற இடத்தைச் சுற்றிக் காட்டு ஆப்பிள் மரங்கள் உண்டு. அழகுக்கு வைத்தவை. கோலிக்குண்டு அளவு காய் காய்த்து அக்டோபரில் கார்கள் மேல் கொட்டும். பராமரிப்பு ஆட்கள் மெஷினை வைத்து ஊதித் தள்ளுவார்கள். கடித்தால் நாக்கு உள்ளே இழுத்துக்கொள்ளும். அக்கா இரண்டு பை நிறையப் பொறுக்கினார். பின்பக்கத்து பிளாக் விசாலாக்ஷி ஆன்ட்டி நாய் பிடித்துக்கொண்டு வந்தவர், "ஊறுகாய்க்கா? வெந்தயம் கொஞ்சம் தூக்கலா போடு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஊறுகாய்க்கு இல்லை. கடைச் சாறு தின்கிற ஆப்பிளில் பிழிந்தது. புளித்த பிறகு அது வெறும் தண்ணீராக வழுக்கிக்கொண்டு போகும். நாக்கில் நிற்க வேண்டுமென்றால் துவர்ப்பு வேண்டும். அக்கா முதல் தடவை டீத்தூளைக் கொதிக்கவைத்து ஊற்றிப் பார்த்தார். கல்யாண மண்டபத்தில் ஆறிப்போன டீ மாதிரி இருந்தது. இரண்டாவது தடவை டீயைப் பாதியாகக் குறைத்தார். அப்போதும் டீதான். மூன்றாவது தடவைதான் காட்டு ஆப்பிள். மிக்சியில் சிதைத்து, வேட்டித் துணியில் பிழிந்து, பத்துக்கு ஒன்று என்று சாற்றில் கலந்தார். அது நின்றது. குடித்து முடித்த பிறகும் பல்லோரத்தில் ஏதோ மிச்சமிருந்தது. ஒவ்வொன்றையும் தேதி போட்டு நோட்டில் எழுதியிருந்தார்.

ஈரோட்டில் எம்.எஸ்ஸி. மைக்ரோபயாலஜி முடித்து, தனியார் பால்பண்ணை லேபில் இரண்டு வருஷம் வேலை பார்த்தவர் அக்கா. கல்யாணமாகி, சாஃப்ட்வேரில் வேலை பார்க்கிற சபரி அண்ணனின் விசாவோடு ஒட்டிக்கொண்டு இங்கே வந்தார். ஒட்டிக்கொண்டு வந்தவர்களுக்கு வேலை செய்ய அனுமதி கிடையாது. நாலு வருஷம் காத்திருந்து செப்டம்பரில்தான் வேலை அனுமதி அட்டை வந்தது. அட்டை வந்ததும் எழுபது இடத்துக்கு அப்ளை பண்ணினார். நாலு வருஷம் என்ன செய்துகொண்டிருந்தாய் என்று எல்லோரும் கேட்டார்கள். ஹோப்வெல் போகிற வழியில் பழத்தோட்டம் வைத்து சைடர் விற்கிற ஹெலன் என்கிற அம்மாள் மட்டும் அதைக் கேட்கவில்லை. "உன் கையால் போட்டதைக் கொண்டு வா" என்றார். அரை லிட்டர் பாட்டிலில் பன்னிரண்டு. பாதி இனிப்பு. பன்னிரண்டும் ஒரே ருசியாக இருக்க வேண்டும். டிசம்பர் இரண்டாவது சனிக்கிழமை, காலை பதினொன்று.

பன்னிரண்டும் ஒரே ருசி என்பதுதான் பரீட்சை. யார் வேண்டுமானாலும் தற்செயலாக ஒரு நல்ல பாட்டில் போட்டுவிடலாம்.

இனிப்புச் சேர்ப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஈஸ்ட் பட்டினியில் படுத்துக் கிடக்குமே தவிர செத்திருக்காது. சர்க்கரையைப் போட்டு மூடினால் எழுந்து மறுபடி தின்ன ஆரம்பிக்கும். தின்றால் வாயு வரும். மூடிய பாட்டிலில் வாயு போக இடமில்லை. அதனால் இனிப்பைச் சேர்த்த கையோடு பாட்டிலைச் சுடுநீரில் வைத்து ஈஸ்ட்டைக் கொன்றுவிட வேண்டும். அக்கா அதை வெள்ளிக்கிழமைக்கு என்று வைத்திருந்தார். அதுவரை பன்னிரண்டு பாட்டிலும் ஹால் சுவரோரம் வரிசையாக நின்றன. கம்பியை இழுத்து மூடுகிற பீங்கான் மூடி. கழுத்தில் டேப் ஒட்டி ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை எண்.

அந்த வரிசையைத் தாண்டித்தான் ராமாத்தாள் ஆன்ட்டி பாத்ரூம் போக வேண்டும். சபரி அண்ணனின் அம்மா. ஆறு மாச விசாவில் கோபியிலிருந்து வந்திருந்தார். போகும்போதும் வரும்போதும் சேலையை ஒதுக்கிக்கொள்வார்.

"ஏனம்மிணி ஓவியா, நீயுமா இதுக்குக் கூட்டு?" என்று என்னைக் கேட்டார். "எங்கூர்ல ஊறல் போட்டா போலீசு வரும். இங்க என்ற மருமக ஹால்லயே போட்டிருக்கறா. நான் பக்கத்துல உக்காந்து டீவி பாக்கறேன்."

"இது ஊறல் இல்லீங்க அத்தை," என்றார் அக்கா அடுப்படியிலிருந்து.

"புளிக்க வெச்சா ஊறல்தான். மாவு புளிச்சா மட்டும் தோசைங்கறேன், அது வேற."

"அதுவும் இதேதாங்க. அதுலயும் பூச்சிதான் திங்குது."

"தோசைல பூச்சின்னு சொல்லிப்போட்டா. இனி எப்படி நான் திங்கறது."

குளிர் வேறு. ஆன்ட்டி ஹீட்டரை எண்பது ஃபாரன்ஹீட்டில் வைப்பார். அக்கா வந்து அறுபத்தெட்டுக்கு இறக்குவார். ஆன்ட்டி கம்பளியைப் போர்த்திக்கொண்டு, "சாகட்டும்னு வெச்சிருக்கறா" என்று டீவியைப் பார்த்துச் சொல்வார். அக்கா எழுபத்தைந்தில் வைத்துவிட்டுப் போவார். இது தினம் நடந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை சபரி அண்ணனின் கிரிக்கெட் டீமிலிருந்து முகுந்தும் இன்னும் மூன்று பேரும் பிரியாணிக்கு வந்தார்கள். அக்கா ஃபிரிட்ஜில் இருந்த பெரிய ஜாடியிலிருந்து ஆளுக்குக் கொஞ்சம் ஊற்றிக் கொடுத்தார். முகுந்த் ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"என்னடா மச்சான், பேட்டரி தண்ணி மாதிரி இருக்கு. சிஸ்டர், தப்பா எடுத்துக்காதீங்க."

"எடுத்துக்கலீங்க. இன்னும் இனிப்பு சேக்கல."

"இத குடுத்தா உங்களுக்கு வேல குடுப்பாங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். சபரி அண்ணனும் சிரித்தார். ஆனால் காது மடல் சிவந்திருந்தது. அதை நான் பார்த்தேன். பார்த்தும் எனக்குப் புத்தி வரவில்லை.

வியாழக்கிழமை நாலு மணி இருக்கும். நானும் அக்காவும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். ஹாலில் டயர் வெடித்த மாதிரி ஒரு சத்தம். போய்ப் பார்த்தால் ஹீட்டரை ஒட்டி இருந்த முதல் பாட்டில் இல்லை. கழுத்து மட்டும் சோபாவுக்கு அடியில் கிடந்தது. சுவரில் கூரை வரைக்கும் ஈரம். கார்ப்பெட்டில் கண்ணாடி. ஆன்ட்டி சோபாவில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அடுத்த நிமிஷம் இரண்டாவதும் போனது.

"யாரும் கிட்ட போகாதீங்க," என்றார் அக்கா. குரல் உயரவில்லை. "ஓவியா, உன் லேப் கண்ணாடி எடுத்துட்டு வா."

நான் கொண்டுவந்ததை மாட்டிக்கொண்டு, ஓவனுக்குப் போடுகிற கையுறை போட்டு, சபரி அண்ணனின் பனி ஜாக்கெட்டையும் மாட்டிக்கொண்டார். மிச்சம் பத்து பாட்டிலையும் ஒவ்வொன்றாகத் துண்டில் சுற்றி பால்கனிக்கு எடுத்துப்போய்ப் பனியில் புதைத்தார். குளிரில் ஈஸ்ட் அடங்கும், வாயுவும் தண்ணீருக்குள் போகும். பத்தாவது பாட்டிலை வைத்துவிட்டு உள்ளே வந்து தரையைத் தொட்டு விரலை நாக்கில் வைத்தார்.

"நாட்டுச் சக்கரை," என்றார்.

அந்த வீட்டில் நாட்டுச் சர்க்கரை என்றால் ஒரே ஒரு பைதான். கவுந்தப்பாடியில் வாங்கி, பெட்டியில் துணிக்கு நடுவே வைத்து, ராமாத்தாள் ஆன்ட்டி கொண்டுவந்த ஐந்து கிலோ பை.

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். மரியாதையாகக் கோபப்படுவது எப்படி என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

"ஆன்ட்டி, நீங்கதான போட்டீங்க?"

"என்னத்த?"

"சக்கரைய. அக்கா வேலைக்குப் போறது உங்களுக்குப் பிடிக்கல. ஊறல் ஊறல்னு ரெண்டு மாசமா சொல்றீங்க. புடிக்கலைன்னா நேரா சொல்லணும். இப்படி பண்ணக்கூடாது. இது ஒரு நாள் வேல இல்ல. நாலு வருஷம்."

ஆன்ட்டி என்னைப் பார்த்தார். அடுப்படியைப் பார்த்தார். கம்பளியை மடியில் இழுத்துவிட்டுக்கொண்டார்.

"ஆமா. நாந்தான் போட்டேன்," என்றார். "புளிச்சதக் கொண்டுபோய்க் குடுத்தா வெள்ளக்காரி என்ன நெனப்பான்னு போட்டேன். இப்ப என்னங்கற?"

நான் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அக்கா கையைக் காட்டி நிறுத்தினார்.

"அத்தை, இந்த பாட்டிலத் தொறங்க பாக்கலாம்," என்று காலியாக இருந்த ஒரு பாட்டிலை நீட்டினார். ஆன்ட்டி பீங்கான் மூடியின் கம்பியைக் கட்டைவிரலால் தள்ளினார். அது அசையவில்லை. மறுபடி தள்ளினார். மூட்டுவலியில் அந்த விரல் வீங்கியிருந்தது.

"ஊறுகா பாட்டிலையே நாந்தான் தொறந்து தர்றேன்," என்றார் அக்கா. "பன்னெண்டு எப்படித் தொறந்தீங்க?"

ஆன்ட்டி விரலைக் கம்பளிக்குள் இழுத்துக்கொண்டார். நான் போய் மளிகை அலமாரியைத் திறந்தேன். சர்க்கரைப் பைக்குள் கரண்டி இல்லை. ஒரு கறுப்பு பிளாஸ்டிக் அளவுக் கிண்ணம் கிடந்தது. ஜிம்முக்குப் போகிறவர்கள் பாலில் கலக்கிற புரோட்டீன் பவுடர் டப்பாவில் வருவது. அந்த டப்பாவை இந்த வீட்டில் தொடுகிற ஆள் ஒருத்தர்தான்.

நான் ஆன்ட்டியிடம் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். அன்றைக்குக் கேட்கவில்லை.

சபரி அண்ணன் பிரின்ஸ்டன் ஜங்ஷனில் ரயிலிறங்கி ஆறு மணிக்கு வந்தார். ஷூவைக் கழற்றும்போதே சுவரைப் பார்த்துவிட்டார்.

"என்னாச்சு?"

அக்கா அந்தக் கறுப்புக் கிண்ணத்தை மேஜையில் வைத்தார்.

"ஓ," என்றார். "அது, ஞாயித்துக்கிழம அவனுங்க போனப்புறம். நீ கீழ ஓவியா வீட்டுக்குப் போயிருந்த."

"நான் வெள்ளிக்கிழமைனு சொன்னேனா இல்லையா?"

"சொன்ன. ஆனா அத்தன பேர் முன்னாடி பேட்டரி தண்ணிங்கறான். எனக்கே ஒரு மாதிரி ஆயிருச்சு. ஹெல்ப் பண்ணலாம்னுதான் பண்ணேன், வானு. கொஞ்சம் முன்னாடியே போட்டா நல்லா ஊறும்னு."

"எவ்வளவு போட்டீங்க?"

"அளவெல்லாம் இல்ல. சும்மா, கண்ணளவுல. ஒண்ணுல கொஞ்சம் கூட விழுந்துச்சு, ஒண்ணுல கம்மி. இதுல என்ன, ராக்கெட் சயின்ஸா?"

"ராக்கெட்தான் உட்டீங்க. கூரையில பாருங்க."

"நீ ஏன் கத்தற? தெரிஞ்சு பண்ணல இல்ல."

அக்கா கத்தவில்லை. அந்த வீட்டில் யாரும் கத்தவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"தெரியாம பண்ணிரக் கூடாதுன்னுதாங்க ரெண்டு மாசமா சொல்லிட்டிருந்தேன்," என்றார் அக்கா. "உங்க கோடுல நான் கண்ணளவுல நாலு லைன் போட்டா சும்மா இருப்பீங்களா?"

"அதுவும் இதுவும் ஒண்ணா? அது வேல."

அக்கா ஈரத் துணியை எடுத்துச் சுவரைத் துடைக்கப் போனார். ஆன்ட்டி எழுந்துபோய் மகனுக்குத் தட்டு வைத்தார். வழக்கமாகக் கூப்பிட்டுத்தான் பரிமாறுவார். அன்றைக்குத் தட்டை டக்கென்று வைத்துவிட்டு அறைக்குப் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை நான் லீவு சொன்னேன். பனியிலிருந்து எடுத்த பாட்டில்களைக் குளியல் தொட்டிக்குள் வைத்து, ஈரத் துண்டால் மூடி, ஒவ்வொன்றாகத் திறந்தோம். மூன்று பாட்டில்கள் நுரைத்துக்கொண்டு பாதி வெளியே வந்தன. மற்றவை முனகியதோடு சரி. பால்பண்ணையில் பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு கண்ணாடி மிதவை வைத்திருப்பார்கள், பால்மானி. அதே மாதிரி ஒன்று அக்காவிடம் இருந்தது. இனிப்பு எவ்வளவு அதிகமோ அவ்வளவு மேலே மிதக்கும். பத்து பாட்டிலுக்கும் பத்து அளவு. ஒன்றுகூட ஒன்று போல இல்லை. நாலாவதில் சர்க்கரையே இல்லாத மாதிரி. பன்னிரண்டாவது பாயசம்.

"எல்லாத்தையும் சிங்க்ல கொட்டிரலாங்கா," என்றேன். "போன் பண்ணி அடுத்த மாசம் வர்றேன்னு சொல்லுங்க."

"அடுத்த மாசம் ஆள் எடுத்துருவாங்க," என்றார். எண் போட்டபடியே பத்து டம்ளரை வரிசையாக வைத்தார். "குடி."

"காலைல பத்து மணிக்கா?"

"துப்பிடு. எது நிக்குதுன்னு மட்டும் சொல்லு."

குடித்தேன். துப்பினேன். வெள்ளைச் சர்க்கரை போட்டிருந்தால் இனிப்பு முன்னால் வந்து புளிப்பு தனியாக நின்றிருக்கும். இது அப்படியில்லை. நாட்டுச் சர்க்கரையின் காய்ச்சிய வாசனை காட்டு ஆப்பிளின் துவர்ப்பைப் போய்ப் பிடித்துக்கொண்டது. ஆலையில் பாகு வேகிற பக்கம் நின்று ஆப்பிள் தின்ற மாதிரி. எனக்கு ஆத்திரமாக வந்தது. நன்றாக இருந்தது.

"ஏழு," என்றேன்.

"எனக்கும் ஏழுதான்," என்றார் அக்கா. அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் சந்தோஷம் இல்லை.

பத்தையும் பெரிய பாத்திரத்தில் ஒன்றாகக் கொட்டினார். ஃபிரிட்ஜ் ஜாடியில் இருந்த இனிப்பில்லாத சைடரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கலக்கி, மிதவையை விட்டு, மறுபடி ஊற்றி, ஏழாம் பாட்டிலின் கோட்டில் கொண்டுவந்து நிறுத்தினார். அதோடு விடவில்லை. ஜாடியில் மிஞ்சியதிலிருந்து ஒரு லிட்டர் அளந்து எடுத்து, அதில் நாட்டுச் சர்க்கரையைத் தராசில் நிறுத்து நிறுத்துப் போட்டார். ஏழாம் பாட்டில் கோட்டுக்கு வர முப்பத்தொரு கிராம் பிடித்தது. நோட்டில் எழுதி இரண்டு தடவை அடிக்கோடு போட்டார்.

பிறகு பாட்டிலில் அடைத்து, இட்லிப் பானையில் தண்ணீர் வைத்து, தெர்மாமீட்டரைத் தொங்கவிட்டு, நாலு நாலாகச் சுடவைத்தோம். தண்ணீர் கொதிக்கக்கூடாது, ஆறவும் கூடாது. ராமாத்தாள் ஆன்ட்டி வந்து ஸ்டூலைப் போட்டு அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். கேட்காமலே தீயைப் பார்த்துக்கொண்டார்.

"நேத்து நான் பேசினது தப்புங்க ஆன்ட்டி," என்றேன்.

"தப்புத்தான்," என்றார் தெர்மாமீட்டரைப் பார்த்தபடி. "தீயக் கொறை."

சனிக்கிழமை சபரி அண்ணனுக்கு ஆபீஸில் சாஃப்ட்வேர் ரிலீஸ் வேலை. என் காரில்தான் போனோம். அக்கா பாட்டில் பெட்டியை மடியிலேயே வைத்துக்கொண்டார். வழியில் மூன்று தடவை, "ஸ்பீடா போகாத" என்றார். நான் நாற்பதில்தான் போய்க்கொண்டிருந்தேன்.

ஹெலனுக்கு அறுபது வயது இருக்கும். ரப்பர் பூட்ஸ், கையில் கீறல்கள். பன்னிரண்டில் தனக்குத் தோன்றிய நாலை எடுத்துத் திறந்தார். ஒவ்வொன்றையும் முகர்ந்து, குடித்து, துப்பினார். நாலாவதைத் துப்பவில்லை. நாலும் ஒன்றுதான் என்று சொன்னார். பிறகு, இந்தக் காய்ச்சிய வாசனை எங்கிருந்து வந்தது, யார் யோசனை இது என்று கேட்டார்.

என் யோசனை என்று அக்கா சொல்லியிருக்கலாம். நான் அப்படித்தான் சொல்லியிருப்பேன். அக்கா நடந்ததை நடந்தபடி சொன்னார். கணவர் அளக்காமல் போட்டது, இரண்டு வெடித்தது, மீதியைக் கலந்து சரிசெய்தது. ஹெலன் கொஞ்ச நேரம் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இருநூறு லிட்டர் தொட்டியில் இதையே மறுபடி போட உன்னால் முடியுமா என்று கேட்டார். அக்கா நோட்டைத் திறந்து அடிக்கோடு போட்ட இடத்தைக் காட்டினார்.

திங்கட்கிழமையிலிருந்து வாரம் மூன்று நாள். முதல் மாதம் தொட்டி கழுவுகிற வேலை. அட்டை காலாவதியாகும் தேதியையும் ஹெலன் குறித்துக்கொண்டார். அதற்கப்புறம் புதுப்பிக்க வேண்டுமென்றால் சபரி அண்ணனின் விசா நீடிக்க வேண்டும். எல்லாக் கயிறும் அங்கேதான் போய்க் கட்டியிருக்கிறது.

அன்றைக்குச் சாயங்காலம் என்னையும் சாப்பிடக் கூப்பிட்டார்கள். தோசை. சபரி அண்ணன் உற்சாகமாக இருந்தார். கிரிக்கெட் டீம் வாட்சப் குரூப்பில் பாட்டில் போட்டோவைப் போட்டு, சீக்ரெட் ரெசிபி என்று எழுதியிருந்தார். முகுந்த் போன் பண்ணினார். ஸ்பீக்கரில் போட்டு மேஜை நடுவில் வைத்தார்.

"என்ன மச்சான், பேட்டரி தண்ணிக்கு வேல கெடச்சிருச்சாமே."

"நாந்தான்டா நாட்டுச் சக்கரை போட்டேன். அதான் கிளிக் ஆச்சு. அந்த அம்மா அதத்தான் கேட்டாங்களாம். கேளு, வானு சொல்லுவா."

அக்கா தோசையைப் பிய்த்துக்கொண்டிருந்தார்.

"ரெசிபி அனுப்பு மச்சான், நானும் போடறேன்," என்றார் முகுந்த்.

"சொல்லுங்க," என்றார் அக்கா. "ஏழாம் பாட்டில்ல எவ்வளவு போட்டீங்க?"

"ஏழா?"

"ஏழு. அந்த ருசிக்குத்தான் வேல. எவ்வளவு?"

சபரி அண்ணன் என்னைப் பார்த்தார். நான் சட்னியைப் பார்த்தேன்.

"அது ஒரு கண்ணளவு. ஒரு கிண்ணத்துல பாதியோ என்னமோ."

"முப்பத்தொண்ணு கிராம்," என்றார் அக்கா. "ஒரு லிட்டருக்கு."

பிறகு சபரி அண்ணன் போன் பக்கம் குனிந்தார்.

"முகுந்த், நோட் பண்ணிக்கோ. முப்பத்தொண்ணு கிராம். லிட்டருக்கு."

அக்கா தலையைத் தூக்கி அவரைப் பார்த்தார். நாலு வருஷத்தையும் சேர்த்துப் பார்த்த மாதிரி இருந்தது. கையைக் கழுவ எழுந்தார்.

அவருக்கு முன்னால் ராமாத்தாள் ஆன்ட்டி எழுந்துவிட்டார். மூட்டைப் பிடித்துக்கொண்டு அலமாரிக்குப் போய்ச் சர்க்கரைப் பையை வெளியே எடுத்தார். அதன் பக்கத்தில் கிடந்த கறுப்புக் கிண்ணத்தை மகன் தட்டோரமாக வைத்தார். பையின் வாயை ரப்பர் பேண்டு போட்டு இறுக்கி, கதவோரம் திங்கட்கிழமைக்காக அக்கா எடுத்து வைத்திருந்த வேலைப் பைக்குள் திணித்தார்.

"இது வேலைக்குப் போற சாமான்," என்றார் மருமகளிடம். "இவன் கைக்கு எட்டாத பக்கம் வெச்சுக்கம்மிணி."